சீட்டுக் காசை லைஃப் கோச்சிடம் கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். வயது 31. நகரிலுள்ள தனியார் நிதி நிறுவனமொன்றில் ஏழு வருடங்களாக எழுதுவினைஞராக இருக்கிறேன். பிடித்தங்கள் போகக் கைக்கு வருவது 62,000 ரூபாய். பதவி உயர்வுடன் கொழும்புக் கிளைக்கு வருமாறு கேட்டிருக்கிறார்கள். அங்கே போவதா, இங்கேயே இருந்து வெகுகால ஆசையான பட்டப்படிப்பைத் தொடங்குவதா என்று மூன்று மாதங்களாக முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன். அம்மா இன்னமும் கொழுந்தெடுக்கிறார். அவரைத் தனியே விட்டுப் போகவும் மனம் ஒப்பவில்லை. முகநூல் விளம்பரத்தைப் பார்த்து ஒரு லைஃப் கோச்சுடன் (வாழ்க்கைப் பயிற்றுநர்) முப்பது நிமிட இலவச அமர்வில் பேசினேன். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் சிக்னல் இல்லாததால் கோயில் படிக்கட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பெரும்பாலும் அவரே பேசினார். நான் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் அதிகம். பன்னிரண்டு அமர்வுகளுக்கு 96,000 ரூபாய் என்றும், அந்த வாரத்துக்குள் மொத்தமாகக் கட்டினால் 84,000 ரூபாய் என்றும், மூன்று மாதத்தில் என் வாழ்க்கை மாறுவது உறுதி என்றும் சொன்னார். இந்த மாதம் எனக்குச் சீட்டு விழுந்திருக்கிறது. கட்டலாமா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 96,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்தால் ஓர் அமர்வுக்கு 8,000 ரூபாய் ஆகிறது. உங்கள் சம்பளத்தை மாதத்துக்கு இருபத்தைந்து நாள் என்று பிரித்துப் பார்த்தால், ஓர் அமர்வுக்காக நீங்கள் மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய வேண்டும். அம்மாவின் கணக்கில், 2024 இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்திலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கான 8 சதவீதத்தைக் கழித்தால் அப்போது கையில் நின்றது 1,242 ரூபாய். ஆக, அந்தச் சம்பளத்தில் ஓர் அமர்வென்பது அவர் ஆறு நாளைக்கு மேல் மலையேறிக் கொழுந்து பறித்த காசு. உங்களைக் குற்றவுணர்ச்சியில் தள்ளுவதற்காக இதைச் சொல்லவில்லை. சடங்குக்கும் கல்யாணத்துக்கும் இதைவிடப் பெரிய தொகையை ஒரே நாளில் செலவழித்துவிட்டு யாரும் கணக்குக் கேட்காத சமூகம் நம்முடையது. ஒரு பெண் தன் யோசனையைத் தெளிவாக்கிக்கொள்ளச் செலவழிக்கும்போது மட்டும் அதை வீண் செலவென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் காசுக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் அடுத்தது. அதற்குக் கோச் என்ற சொல்லின் கதையே உதவும். நம் பாட்டிமார் ரயிலைக் கோச்சி என்றே சொன்னார்கள் அல்லவா? ஹங்கேரியில் கோச் என்ற கிராமத்தில் செய்யப்பட்ட குதிரை வண்டிக்கு அந்த ஊரின் பெயரே வழங்கியது. 19 ஆம் நூற்றாண்டில் ஒக்ஸ்ஃபோர்ட் மாணவர்கள், தங்களைப் பரீட்சையில் கரைசேர்க்கும் தனி ஆசிரியரைக் கேலியாக அப்படி அழைக்கப்போய், அந்தச் சொல் விளையாட்டுப் பயிற்றுநருக்கும் பிறகு இந்த லைஃப் கோச்சுக்கும் வந்து சேர்ந்தது. எங்கே போவதென்று சொல்ல வேண்டியவர் ஏறுகிறவர். அதை வண்டி தீர்மானிப்பதில்லை. கார்ப் பந்தய வீரராக இருந்த ஜோன் விட்மோரும் அவருடைய சகாக்களும் 1980களில் பிரித்தானியாவில் பரப்பிய முறையைத்தான் இன்றும் பல கோச்மார் பின்பற்றுகிறார்கள்: உங்களுக்கு என்ன வேண்டும், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழிகள் உண்டு, அவற்றில் எதை எப்போது செய்யப்போகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டு, பதிலை உங்கள் வாயாலேயே வரவழைப்பார்கள், அடுத்த அமர்வில், சொன்னதைச் செய்தீர்களா என்று விசாரிப்பார்கள். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் நன்றாகக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. நம் ஊரில் ஒருவரிடம் பிரச்சினையைச் சொன்னால், இரண்டாவது வாக்கியம் முடிவதற்குள் புத்திமதி வந்துவிடும்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். அதில் மூன்று சிக்கல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மூன்றையும் ஒரே கோச்சிடம் அவிழ்க்கக் கொடுப்பது சரியா என்பதே என் சந்தேகம். முதலாவது, தகவல். கொழும்பில் கூடுதலாகக் கிடைக்கும் சம்பளத்தில் தங்குமிட வாடகையும் சாப்பாடும் மாதம் இருமுறை ஊருக்கு வந்துபோகும் பஸ் காசும் போனால் எவ்வளவு மிஞ்சும் என்பதை, ஏற்கெனவே அங்கே மாற்றலாகிப்போன உங்கள் நிறுவன ஊழியர் ஒருவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். படிப்பா கொழும்பா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும் என்று யார் சொன்னது? வேலை செய்துகொண்டே தொலைக்கல்வி வழியாகப் பட்டம் பெறுவதற்கென 1980 இல் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் தலைமையகம் கொழும்புக்கு அருகே நாவலையில் இருக்கிறது; கண்டியிலும் அதற்குப் பிராந்திய நிலையம் உண்டு. நீங்கள் விரும்பும் பாடநெறி அங்கே இருக்கிறதா, கட்டணம் என்ன, தமிழ் மொழிமூலம் உண்டா என்று நேரில் போய் விசாரியுங்கள். முப்பது நிமிடத்தில் அந்தக் கோச் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால்கூட அவரைப் பற்றி நான் வேறு விதமாக எழுதியிருப்பேன்.

இரண்டாவது, அம்மா. அவரைத் தனியே விட முடியாது என்கிறீர்கள். அவர் என்ன நினைக்கிறார் என்று கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. 50 வயதை அடைந்து வேலையிலிருந்து விலகும் பெண்ணுக்குச் சேமலாப நிதியைப் பெறும் உரிமை உண்டு. அம்மாவுக்கு அந்த எண்ணம் இருக்கிறதா, மலையேறி முழங்கால் தேய்ந்தது போதும் என்று நினைக்கிறாரா, அல்லது வேலைக்குப் போகாவிட்டால் பேச ஆளில்லாமல் போகும் என்று பயப்படுகிறாரா? இதை அவரிடம்தான் கேட்க முடியும். அவருக்குத் தெரியாமல் 84,000 ரூபாயைக் கட்டிவிட்டு, பிறகு கோயில் படிக்கட்டில் யாருடன் மணிக்கணக்கில் பேசுகிறாய் என்ற கேள்விக்குப் பதில் தேடுவது உங்களுக்கு நான்காவது சிக்கலாகிவிடும்.

மூன்றாவது சிக்கலை நீங்கள் எழுதவில்லை. ஆனால் கடிதம் முழுவதும் அதுதான் தெரிகிறது. உங்களுக்குப் பேச ஆளில்லை. லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் நாலாவது காம்பராவில் கேட்கிறது. மாமாவிடம் சொன்னால் மாலைக்குள் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களம் வரை போய்விடும். அலுவலகத் தோழியிடம் சொன்னால், அவளும் அதே பதவி உயர்வை எதிர்பார்த்திருக்கலாம். அம்மா, உறவினர், தோழி என்று எல்லோருக்கும் உங்கள் முடிவில் ஏதோவொரு இலாப நட்டம் இருக்கிறது. அந்த வட்டத்துக்கு வெளியே இருந்துகொண்டு, உங்கள் முடிவால் எதையும் பெறாமலும் இழக்காமலும், கேட்டதை வெளியே சொல்லாமலும் இருக்கிற ஒருவர் மலையகத்தில் அரிய பொருள். ஒரு கோச்சுக்குக் காசு கொடுப்பதென்றால் அதற்காகக் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் அதே பண்புகள் உள்ள ஒருவர், உதாரணமாக உங்களுக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை, காசில்லாமலும் கிடைக்கலாம். அவரிடம் போகும்போது, “டீச்சர், எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம், கேள்வி மட்டும் கேளுங்கள்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போனால் பைத்தியம் என்று நினைப்பார்கள் என்ற பயம் இனியும் வேண்டாம்.

சரி, கோச்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால்? இந்தக் கோச் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கேட்பதைத் தொழிலாகக் கொண்டவர் முப்பது நிமிடத்தில் உங்களுக்கு ஐந்து நிமிடமே தந்திருக்கிறார். எந்த ஒழுங்கான கோச்சும் மூன்று மாதத்தில் வாழ்க்கை மாறுமென்று உறுதி தரமாட்டார், ஏனெனில் செய்ய வேண்டிய வேலை உங்களுடையது. “இந்த வாரத்துக்குள்” என்ற தள்ளுபடியைப் புடைவைக் கடையில் மன்னிக்கலாம். முடிவெடுக்கத் திணறுகிறவரிடம் அவசரத்தை விற்பதை மன்னிக்க முடியாது. (பல வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த இடத்தில் எங்களை இரண்டு நாள் ஹோட்டலில் வைத்து வாழ்க்கையை மாற்றும் பயிற்சி கொடுத்தார்கள். கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை சிவந்தது. அங்கே கொடுத்த தடித்த அட்டைக் கொப்பியில் அடுத்த மாதத்திலிருந்து வீட்டில் பால் கணக்கு எழுதினோம். அந்த விதத்தில் பயன்பட்டது.)

வைத்தியரென்றால் இலங்கை மருத்துவச் சபையில் பதிவிருக்க வேண்டும். லைஃப் கோச் என்று பெயர்ப்பலகை போட அப்படியொன்றும் தேவையில்லை, இன்று காலை நினைத்து மாலையில் போட்டுக்கொள்ளலாம். 1995 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு மூன்று படிகளில் சான்றளிக்கிறது. ஆகக் கீழ்ப்படிக்கே 60 மணித்தியாலப் பயிற்சியும் 100 மணித்தியால அனுபவமும், நடுப்படிக்கு 125 மணித்தியாலப் பயிற்சியும் 500 மணித்தியால அனுபவமும் கேட்கிறது. சான்று பெற்றவரின் பெயரை அதன் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். அதுவும் தனியார் அமைப்புத்தான், சான்று இருப்பதாலேயே ஒருவர் நல்ல கோச் ஆகிவிடமாட்டார். எனினும் ஒருவர் எத்தனை மணித்தியாலம் இந்த வேலையைச் செய்திருக்கிறார் என்பதாவது தெரியும். பன்னிரண்டு அமர்வுகளை வாங்காமல் ஒன்றை மட்டும் வாங்குங்கள். இடையில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்புமா, பேசியது பதிவு செய்யப்படுமா என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். அந்த அமர்வுக்கு முன்பாக, “மூன்று மாதம் முடியும்போது நான் இன்னதைச் செய்திருக்க வேண்டும்” என்று ஒரே வாக்கியம் எழுதிப் பாருங்கள். எழுத வராவிட்டால் காசைக் கட்டாதீர்கள். சீட்டுப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும், பல்கலைக்கழக அனுமதிக் கட்டணத்துக்கு உதவும்.

கேள்வி: என் அண்ணனின் மகனுக்கு வயது 24. வெளிநாட்டு வேலையிலிருந்து இடையில் திரும்பி வந்து இரண்டு மாதமாகிறது. அறையை விட்டு வெளியே வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதோ உறங்குவதோ இல்லை, “இருந்து என்ன பயன்” என்கிறான். கொழும்பிலுள்ள உறவினர் லைஃப் கோச் ஒருவருக்குப் பணம் தருவதாகச் சொல்கிறார். ஏற்பாடு செய்யலாமா? – வாசகர், பண்டாரவளை

பதில்: வேண்டாம் ஐயா. இது கோச்சின் வேலை இல்லை. நேர்மையான கோச்சாக இருந்தால் அவரே இந்தப் பணத்தை வாங்க மறுத்துவிடுவார். உறக்கமும் பசியும் இத்தனை நாள் கெட்டு, அப்படியொரு வார்த்தையும் வாயில் வந்துவிட்டால் அது வைத்தியர் பார்க்க வேண்டிய நிலை. பதுளை போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே அழைத்துப் போங்கள். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். அவர் வர மறுத்தால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலவச இலக்கத்துக்கு நீங்களே அழைத்து நிலைமையைச் சொல்லுங்கள்; 24 மணித்தியாலமும் எடுக்கிறார்கள். அதுவரை அவரைத் தனியே விட வேண்டாம், தோட்டத்து மருந்து, பூச்சிநாசினி போன்றவற்றை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, பலருக்கு யாராவது கேட்டதே ஆறுதலாக இருக்கிறது. உறவினர் தரும் பணத்தை வைத்தியசாலைக்குப் போய்வரும் வாகனச் செலவுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். உடல் தேறி, அடுத்து என்ன தொழில் செய்வது என்று அவர் கேட்கும் நாளில், பிரதேச செயலகத்தில் தொழில் வழிகாட்டல் பற்றி விசாரிக்கலாம்.

கேள்வி: இணையவழியில் இரண்டு நாள் பயிற்சி பெற்று லைஃப் கோச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். ஓர் அமர்வுக்கு எவ்வளவு கட்டணம் அறவிடலாம்? – ஆசிரியர், தலவாக்கலை

பதில்: மேலே சொன்ன 60 மணித்தியாலத்தையும் 100 மணித்தியாலத்தையும் உங்கள் இரண்டு நாளோடு ஒப்பிட்டுப் பார்த்திருப்பீர்கள். இப்போதைக்குக் கட்டணம் வேண்டாம், சேர். தான் பழகுநர் என்பதை ஒளிக்காமல் சொல்லி, ஐந்து பேருடன் இலவசமாகப் பேசிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும், ஒரு மணித்தியாலத்தில் நீங்கள் எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள். ஆசிரியர்களாகிய நமக்கு இந்தப் பரீட்சை கொஞ்சம் கடினம். அந்த எண்ணிக்கை பதினைந்துக்குக் கீழே வந்த பிறகு மறுபடி எழுதுங்கள், கட்டணத்தைப் பற்றி அப்போது பேசலாம்.