செராமிக் ஃபைபர் பிளாங்கெட்: எங்கே போடலாம், எங்கே கூடாது?

பேட்டையிலிருந்து: அண்ணாச்சி, அலுமினியம் உருக்கும் சின்ன உலை வைத்திருக்கிறேன், வாரத்தில் மூன்று நாள்தான் ஓடும். ஃபயர் பிரிக்கை, அதாவது சூடு தாங்கும் செங்கலை எடுத்துவிட்டு, சூடு தாங்கும் நாரில் மெத்தை மாதிரி செய்த செராமிக் ஃபைபர் பிளாங்கெட் போட்டால் டீசல் மிச்சமாகுமா?

ஆகும் தம்பி, விட்டுவிட்டு ஓடுகிற உலைக்குத்தான் அது நல்ல பலன் தரும். ஒன்பது அங்குலக் கனத்தில் ஒரு சதுர மீட்டர் ஃபயர் பிரிக் சுவர் 450 கிலோவுக்கு மேல் வரும். கன மீட்டருக்கு 128 கிலோ அடர்த்தியுள்ள பிளாங்கெட்டை நாலு அங்குலம் அடுக்கினால் 13 கிலோதான். கிலோவுக்குக் கிலோ இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூட்டைத்தான் குடிக்கும், அதனால் காலையில் மூட்டினதும் உங்கள் டீசலில் பெரும்பங்கு அந்தச் செங்கலைச் சூடாக்கவே போகிறது, ராத்திரி அது வீணாக ஆறிவிடுகிறது. ஆனால் உருகின உலோகமும், அதன் அழுக்கை நீக்கப் போடுகிற ஃப்ளக்ஸும் படுகிற இடத்தில் பிளாங்கெட் நிற்காது. அடியிலும் மூசையைச் சுற்றிக் கீழ்ப்பாதியிலும் செங்கல் இருக்கட்டும், மூடிக்கும் மேல்சுவருக்கும் மட்டும் மாற்றுங்கள்.

காருக்குறிச்சியிலிருந்து: மண்பாண்டச் சூளை, விறகு எரிக்கிறோம், 900 டிகிரி தாண்டாது. கடைக்காரர் பிளாங்கெட் 1260 டிகிரி தாங்கும் என்கிறார். உள்ளே ஒட்டலாமா?

1260 என்பது சோதனையில் சுருக்கத்தை அளந்து வகைக்கு வைத்த எண், தினமும் ஓட்டுகிற சூடு இல்லை. அதற்கு 1100-க்குள் நிற்பது நல்லது. உங்களுக்கு அந்த எண்ணே கவலையில்லை, சாம்பல்தான் கவலை. விறகுச் சாம்பலில் இருக்கிற பொட்டாஷ் நாளடைவில் நாரை அரித்து மேற்பரப்பை இறுக்கிவிடும், அப்புறம் அது உரிந்து பானை மேலேயே விழும். இரண்டு வரிசைச் செங்கலுக்கு நடுவே வையுங்கள். கேஸ் சூளைக்கு மாறினால் உள்ளேயே ஒட்டலாம்.

பாளையங்கோட்டையிலிருந்து: பேக்கரி அடுப்புக்கு?

வேண்டாம். 250 டிகிரிக்குப் பாறையை உருக்கி நாராக்கின ராக் வூல் போதும், விலையும் குறைவு. எதைப் போட்டாலும் தகட்டுக்குள் முழுக்க மூடி வையுங்கள், தின்கிற பண்டம் இருக்கிற இடம்.

வி.கே.புரத்திலிருந்து: எங்கள் வீட்டுக்காரர் பழைய பிளாங்கெட்டைப் பிரிக்கிற வேலைக்குப் போகிறார். உடம்பெல்லாம் அரிப்பு, இருமல் வேறு. ஆபத்தா அண்ணாச்சி?

ஆபத்துதான் தங்கச்சி, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த நாரை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்கிற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. புதுசைவிடப் பழசு மோசம்: 1000 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் வெந்த நாரில் கிரிஸ்டோபலைட் என்கிற சிலிக்காப் படிகம் உருவாகும், அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். முகத்தில் துண்டு கட்டுவதெல்லாம் போதாது. குறைந்தது என்95 மாஸ்க், முழுக்கைச் சட்டை, கண்ணாடி வேண்டும். உலை நன்றாக ஆறின பிறகு தண்ணீர் தெளித்து நனைத்துத்தான் பிரிக்க வேண்டும், உலர்ந்த தூசியைப் பெருக்கவே கூடாது. வேலைத் துணியைப் பிள்ளைகள் துணியோடு துவைக்காதீர்கள். இருமலுக்கு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள், என்ன வேலை என்பதையும் சொல்லுங்கள். முதலாளி அடுத்த தடவை போடும்போது உடம்பில் கரையக்கூடிய கால்சியம் மக்னீசியம் சிலிகேட் வகையைக் கேட்கச் சொல்லுங்கள், 1000 டிகிரி வரை ஓடுகிற உலைக்கு அதுவே தாராளம்.

தென்காசியிலிருந்து: மொட்டைமாடி வெயிலுக்கு விரிக்கலாமா?

கூடவே கூடாது. மழையில் ஊறும், காற்றில் தூசி பறக்கும். தட்டு ஓடு பதியுங்கள், இல்லையென்றால் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள்.