நீலப் படை – கடிதம்

அன்புள்ள சார்,

ஸ்பெயின் உள்நாட்டுப் போர் பற்றிய கட்டுரையில், அதில் ஜெயித்து சர்வாதிகாரியான ஃபிராங்கோ இரண்டாம் உலகப்போரில் இறங்காமல் நழுவிக்கொண்டார் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் ரஷ்ய நகரமான லெனின்கிராடை ஜெர்மனி முற்றுகையிட்டபோது ஆயிரக்கணக்கான ஸ்பானியர்கள் ஜெர்மன் சீருடையில் நின்றதாக வேறொரு இடத்தில் படித்தேன். எது சரி? சொந்த நாடு போரிலேயே இல்லாதபோது இன்னொருத்தன் சட்டையை மாட்டிக்கொண்டு ரஷ்யப் பனியில் போய்ச் சாக ஒருவனுக்கு என்ன வந்தது? அப்புறம், ஜெர்மனியில் நேதாஜி திரட்டிய இந்தியப் படையையும் இவர்களோடு சேர்த்துப் பேசலாமா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் சரிதான், என் வரிதான் அரைகுறை. ஆளை அனுப்பிவிட்டு நழுவிக்கொண்டார் என்று எழுதியிருக்க வேண்டும்.

உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோ ஜெயித்ததில் ஹிட்லரின் விமானங்களுக்குப் பெரிய பங்குண்டு. 1937ல் குவெர்னிகா ஊரைத் தரைமட்டமாக்கியதும் அவைதான். அந்தக் கடன் தலைமேல் நின்றது. 1940 அக்டோபரில் பிரான்ஸ் எல்லையிலுள்ள ஹென்டே ரயில் நிலையத்தில் ஹிட்லரே நேரில் வந்து பேசியும் ஃபிராங்கோ பிடிகொடுக்கவில்லை, ரொட்டிக்கே ரேஷன் நடந்த நாட்டை வைத்துக்கொண்டு எங்கே போருக்குப் போவது. 1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத்துக்குள் புகுந்ததும் அவருக்கு வழி கிடைத்தது. இரண்டு நாள் கழித்து வெளியுறவு அமைச்சர் செரானோ சூன்யேர் மாட்ரிட்டில் மாடத்தில் நின்று "ரஷ்யாதான் குற்றவாளி" என்று முழங்கினார், ஃபிராங்கோ ஆட்சியின் ஒரே கட்சியான ஃபலாங்கேயின் இளைஞர்கள் பேர் கொடுக்க வரிசையில் நின்றார்கள். ஸ்பெயின் போர் அறிவிக்காது, தொண்டர்கள் போவார்கள். அதுதான் ஏற்பாடு. கட்சியின் நீலச் சட்டையால் நீலப் படை என்று பெயர் வந்தது. ஜெர்மன் ராணுவக் கணக்கில் 250ஆவது காலாட்படை டிவிஷன். 1943 வரை மாறி மாறிப் போனவர்கள் ஏறத்தாழ 45,000 பேர், செத்தவர்கள் 5,000 பேர் அளவில்.

என்ன வந்தது என்று கேட்கிறீர்கள். ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொன்று. தியோனிசியோ ரித்ருவேகோ என்ற கவிஞர் ஃபலாங்கேயின் பிரச்சாரத் தலைவராக இருந்தவர், நம்பிக்கையோடு சாதாரணச் சிப்பாயாகவே போனார். திரும்பி வந்ததும் பதவிகளை உதறி ஃபிராங்கோவின் எதிரியானது தனிக்கதை. லூயிஸ் கார்சியா பெர்லாங்கா, பின்னாளில் ஸ்பானிய சினிமாவின் பெரிய இயக்குநர், போன காரணம் வேறு. அவர் அப்பா உள்நாட்டுப் போரில் தோற்ற குடியரசுப் பக்கத்துக்காரர், ஃபிராங்கோ ஆட்சி அவருக்கு மரண தண்டனை விதித்திருந்தது. மகன் ரஷ்யாவுக்குப் போனால் அப்பா தலை தப்பும் என்று ஒரு கணக்கு. (தண்டனை பிறகு சிறைவாசமாகக் குறைந்தது.) தோற்ற பக்கத்தில் இருந்த கறையைக் கழுவப் போனவன், வீட்டுக்குச் சம்பளம் போகுமே என்று போனவன், முன்னணிக்குப் போனதும் சோவியத் பக்கம் ஓடிவிடலாம் என்றே பேர் கொடுத்தவன், எல்லாரும் அந்த ரயிலில் இருந்தார்கள். தொண்டர் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இவர்களை ஒரு வகையாக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நேதாஜியின் ஜெர்மன் படையில் பெரும்பாலோர் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்கள். முள்வேலிக்குள் இருந்தவனிடம் வந்து "சேர்கிறாயா" என்று கேட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் மாட்டோம் என்றார்கள், அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வாத்தியம் முழங்க ரயில் ஏறிய ஸ்பானியனோடு இவர்களை வைப்பது நியாயமில்லை. ஆனால் ஓரிடத்தில் இரண்டு கதையும் ஒன்றுபோல இருக்கிறது. ஜெர்மன் சிப்பாய் ஹிட்லருக்கு நிபந்தனையற்ற கீழ்ப்படிதல் என்று சத்தியம் செய்ய வேண்டும். 1941 ஜூலையில் பவேரியாவின் கிராஃபென்வோர் முகாமில் ஸ்பானியர்களுக்காக அதைத் திருத்தினார்கள், "கம்யூனிசத்துக்கு எதிரான போரில்" கீழ்ப்படிவோம் என்று. இந்தியர்களுக்கும் திருத்தினார்கள், போஸ் தலைமையிலான இந்திய விடுதலைப் போரில் ஹிட்லருக்குக் கீழ்ப்படிவோம் என்று. இருவரும் அந்தத் துண்டு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்தவன் சீருடைக்குள் நுழைந்தார்கள்.

அது எதற்காவது உதவியதா? இந்தியாவுக்காகச் சத்தியம் செய்தவர்கள் டச்சுக் கடற்கரையிலும் பிரான்சிலும் காவல் நின்றார்கள், 1944ல் நாஜிக் கட்சியின் ஆயுதப்படையான எஸ்.எஸ். கணக்கில் போய்ச் சேர்ந்தார்கள். ஸ்பானியர்கள் போலந்தின் சுவால்கியிலிருந்து ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நடந்தே போனவர்கள். 1942 ஜனவரியில் உறைந்த இல்மென் ஏரியைப் பனிச்சறுக்குக் கட்டையில் கடந்த 206 பேரில் காயமில்லாமல் மிஞ்சியது 12 பேர். அந்த ஆண்டு கோடை முடியும்போது லெனின்கிராடைச் சுற்றிய வளையத்துக்கு வந்தார்கள். ஊர்க்காரர்களோடு நன்றாகப் பழகினோம், ஜெர்மானியர் மாதிரி இல்லை என்று திரும்பியவர்கள் நிறைய எழுதினார்கள். ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர்கள் நின்ற வளையத்துக்குள் மக்கள் பட்டினியில் செத்தார்கள், லட்சக்கணக்கில். சத்தியத்தில் சேர்த்த அந்தத் துண்டு வாக்கியம் உள்ளே இருந்த குழந்தைக்கு எப்படித் தெரியும்? 1943 பிப்ரவரி 10 அன்று கிராஸ்னி போரில் (நம் போர் இல்லை, ஊர்ப்பெயரே அப்படி) ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பானியர்கள் மடிந்தார்கள். அந்த அக்டோபரில், நேச நாடுகளின் நெருக்குதலில், ஃபிராங்கோ படையைத் திரும்ப அழைத்தார்.

பிடிபட்டவர்கள் சோவியத் முகாம்களில் பத்தாண்டுக்கு மேல் கிடந்தார்கள். ஸ்டாலின் செத்த மறு ஆண்டு, 1954 ஏப்ரல் 2 அன்று, செமிராமிஸ் என்ற கப்பல் 286 பேரோடு பார்சிலோனா துறைமுகத்துக்கு வந்தது. பெரும் கூட்டம், அழுகை. ஃபிராங்கோ வரவில்லை. ஆறு மாதம் முன்புதான் அமெரிக்காவோடு ராணுவ ஒப்பந்தம் போட்டிருந்தார், ஹிட்லரின் பழைய சிப்பாய்களோடு நின்று படம் எடுத்துக்கொள்ள அது தோதான நேரமில்லை. அந்த 286 பேரும் நீலப் படைக்காரர்கள் அல்ல. உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோவுக்கு எதிராக நின்ற குடியரசின் மாலுமிகளும், விமானப் பயிற்சிக்கு ரஷ்யா போய் மாட்டிக்கொண்டவர்களும் சிலர் இருந்தார்கள். அதே முகாம்களில் கிடந்து, அதே கப்பலில் வந்து இறங்கினார்கள்.

அன்புடன்.