சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆகாவிட்டால்: கேள்வி பதில்

கேள்வி: பெட்ரோல் இன்ஜெக்ஷன் கார். காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது. ஒரு மணி நேரம் ஓட்டி, கால் மணி நிறுத்திவிட்டு எடுத்தால் ஸ்டார்ட் ஆவதே இல்லை. நன்றாக ஆறிய பிறகு எதுவும் நடக்காததுபோல ஓடுகிறது. எங்கிருந்து தொடங்குவது சார்?

பதில்: சாவியைத் திருப்பும்போது செல்ஃப் சுற்றுகிறதா, இல்லையா? முதலில் இதைப் பிரியுங்கள். சுற்றவில்லை என்றால் பேட்டரி, கேபிள், செல்ஃப் மோட்டார் பக்கம் போக வேண்டும். நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் ஸ்பார்க் அல்லது பெட்ரோல்.

இன்ஜினை அணைத்ததும் கூலன்ட் ஓட்டம் நிற்கிறது, காற்றும் உள்ளே வருவதில்லை. பிளாக்கில் இருக்கும் சூடு மெல்ல வெளியே பரவி சென்சார், காயில், பெட்ரோல் பைப் எல்லாவற்றையும் ஓடும்போது இருந்ததைவிட அதிகமாகச் சூடாக்குகிறது. நிறுத்திய 10 முதல் 30 நிமிடத்துக்குள் தொல்லை வருவது இதனால்தான். சோதனையும் அந்த நேரத்திலேயே நடக்க வேண்டும். மல்டிமீட்டர், ஸ்பார்க் டெஸ்டர், சின்ன ஸ்கேனர் மூன்றும் வண்டியிலேயே இருக்கட்டும். ஆறிய வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். பிறகு ஊகத்தில் ஒவ்வொரு பார்ட்டாக மாற்றுவார்கள்.

கேள்வி: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. ஸ்கேனரில் கோடு (பழுதைக் குறிக்கும் எண்) எதுவும் இல்லை. கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை உணர்வது) என்கிறார்கள். மாற்றாமலே உறுதி செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து, ஆர்பிஎம்மைப் பார்த்தபடி செல்ஃப் அடியுங்கள். 150 முதல் 250 வரை ஏதாவது காட்டினால் சிக்னல் வருகிறது என்று பொருள். செல்ஃப் சுற்றும்போதே 0 என்று நின்றால் சென்சார் அல்லது அதன் ஒயர்தான். கோடு இல்லை என்று சென்சாரை விட்டுவிட வேண்டாம். சிக்னலே வராதபோது, இன்ஜின் சுற்றுவது பல வண்டிகளின் ஈசியூவுக்கு (இன்ஜினை இயக்கும் கணினி) தெரியாது. அதனால் கிராங்க் சென்சாருக்கான பி0335 கோடு பதிவாகாமலே போகலாம்.

இரண்டு ஒயர் சென்சார் என்றால் உள்ளே இருப்பது வெறும் காயில். ஆறியிருக்கும்போது ஒருமுறை, ஸ்டார்ட் ஆகாத நேரத்தில் ஒருமுறை ஓம் அளவு எடுங்கள். பெரும்பாலும் சில நூறு ஓம் முதல் ஆயிரத்துச் சொச்சம் வரை இருக்கும். உங்கள் வண்டிக்கான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். சூட்டில் மீட்டர் ‘ஓபன்’ காட்டினால் உள்ளே கம்பி விட்டுப்போகிறது. மூன்று ஒயர் ஹால் சென்சாரை (உள்ளே மின்னணு சர்க்யூட் உள்ள வகை) ஓம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. அதற்கு சப்ளை (5 அல்லது 12 வோல்ட்) வருகிறதா, எர்த் நன்றாக இருக்கிறதா, சுற்றும்போது சிக்னல் ஒயரில் வோல்ட் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள்.

கையில் மீட்டர் இல்லையென்றால் ஈரத்துணியைச் சென்சார் மேல் இரண்டு மூன்று நிமிடம் வைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். உடனே பிடித்தால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் தண்ணீர் பட வேண்டாம், வார்ப்பு வெடிக்கும். சென்சாரைக் கழற்றினால் நுனிக் காந்தத்தில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூளைத் துடைத்துவிட்டு, ஒயர் உறை எக்ஸாஸ்ட் பக்கம் உருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: எனக்கு பெட்ரோல் வாடை தூக்கலாக வருகிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு அடித்தால் இருமிக்கொண்டே பிடிக்கிறது.

பதில்: ஃப்ளட் ஆகிறது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் அளவுக்கு மேல் சேர்கிறது. முழு ஆக்சிலேட்டரில் செல்ஃப் அடித்தால் பெரும்பாலான ஈசியூக்கள் இன்ஜெக்டரை நிறுத்திவிடும், அதனால்தான் பிடிக்கிறது. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரிலிருந்து தொடங்குங்கள். வழக்கமான சென்சார் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் இருக்கும். முழுதாகப் பழுதானால் கோடு வரும். அளவு தவறிப்போனதுதான் ஏமாற்றும்: இன்ஜின் 90 டிகிரியில் இருக்க, சென்சார் 30 என்று சொன்னால் ஈசியூ குளிர்ந்த இன்ஜினுக்கான பெட்ரோலை ஊற்றும், கோடும் வராது. இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் கூலன்ட் அளவும் உள்ளிழுக்கும் காற்றின் அளவும் சில டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும்.

அது சரியென்றால் சொட்டும் இன்ஜெக்டர், திறந்தபடி சிக்கிய பர்ஜ் வால்வு (டேங்க் ஆவியை இன்ஜினுக்கு விடுவது), உள்சவ்வு கிழிந்த பிரஷர் ரெகுலேட்டர். ரெகுலேட்டரின் வேக்வம் ஹோஸைக் கழற்றினால் உள்ளே பெட்ரோல் ஈரம் இருக்கவே கூடாது.

கேள்வி: எனக்கு வாடையே இல்லை. ஆனால் சாவியை மூன்று நான்கு முறை ஆன், ஆஃப் செய்துவிட்டு அடித்தால் பிடிக்கிறது.

பதில்: லைனில் பிரஷர் நிற்கவில்லை. ஒவ்வொரு ஆனுக்கும் பம்ப் இரண்டு மூன்று வினாடி ஓடி பிரஷரை ஏற்றிக்கொடுக்கிறது. பிரஷர் இருக்கும்வரை சூட்டிலும் பெட்ரோல் கொதிக்காது. இறங்கினால் ரெயிலிலேயே (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) ஆவியாகும். கேஜ் மாட்டி (பல வண்டிகளில் 3 முதல் 4 பார்) அணைத்த பின் 20 நிமிடம் கவனியுங்கள். சில நிமிடத்திலேயே பூஜ்யத்துக்குப் போனால், டேங்க் பக்கத்து ரப்பர் ஹோஸை மட்டும் கிளாம்ப் போட்டு மறுபடி பாருங்கள். இப்போது நின்றால் பம்பின் ஒருவழி வால்வு போயிருக்கிறது. பிளாஸ்டிக் பைப்பில் கிளாம்ப் போட வேண்டாம், விரிசல் விடும்.

கேள்வி: அண்ணா, பேட்டரி புதுசு. சூட்டில் ‘டக்’ என்று ஒரு சத்தம், செல்ஃப் அசையவில்லை.

பதில்: செம்புக் கம்பி 60 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் தடை கால்வாசி அளவு ஏறும். குளிரில் தப்பித்த சுமாரான இணைப்பு அந்த நேரத்தில் தோற்றுவிடும். செல்ஃப் அடித்தபடி அளந்து பாருங்கள். பேட்டரியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கக் கூடாது. பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து செல்ஃப் போல்ட்டுக்கு 0.5 வோல்ட்டுக்கு மேல், நெகட்டிவிலிருந்து செல்ஃப் பாடிக்கு 0.2 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது. நெகட்டிவ் பக்கம் அதிகமென்றால் எர்த் பட்டையைக் கழற்றித் துரு சுரண்டி மாட்டுங்கள். எல்லாம் சரியாக இருந்து, சொலினாய்டின் (செல்ஃப் மேல் இருக்கும் மின்காந்த சுவிட்ச்) சின்ன ஒயரில் 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும் மோட்டார் அசையாவிட்டால்தான் செல்ஃபைக் கழற்ற வேண்டும். சுத்தியலால் தட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. நிலைக்காந்த மோட்டாரில் காந்தம் உடையும்.

கேள்வி: காமன் ரெயில் டீசல், இதே தொல்லை.

பதில்: செல்ஃப் அடிக்கும்போது ரெயில் பிரஷரைப் பாருங்கள். வண்டியைப் பொறுத்து 150 முதல் 250 பார் வரை எட்டாமல் ஈசியூ டீசலை விடாது. சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இன்ஜெக்டர் வழியாகத் திரும்பி ஓடிவிடும். இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் ஹோஸ்களை ஒரே அளவு பாட்டில்களில் விட்டு செல்ஃப் அடியுங்கள். எது மற்றவற்றைவிட வெகுவாக நிரம்புகிறதோ அதுதான். எல்லாமே குறைவாக இருந்தும் பிரஷர் ஏறவில்லையென்றால் ஹை பிரஷர் பம்ப், அதன் கன்ட்ரோல் வால்வு. ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்திப் பார்க்கும் பழைய பழக்கம் இதில் கூடவே கூடாது, பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

கேள்வி: பழைய கார்புரேட்டர் வண்டிக்கு?

பதில்: மிதவை அறையில் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிகிறது. ஆக்சிலேட்டரை அடித்து அடித்து மிதிக்காமல், பாதி மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் தடித்த இன்சுலேட்டர் பேக்கிங்கை யாராவது எடுத்துவிட்டு மெல்லியதைப் போட்டிருந்தால் திரும்ப மாட்டுங்கள்.

கேள்வி: சிஎன்ஜியில் ஓட்டுகிறேன். சூட்டில் ஸ்டார்ட் ஆகத் தாமதம், ஐடிலிங்கிலும் உதறுகிறது. ஸ்பார்க், பிரஷர் எல்லாம் சரி.

பதில்: டேப்பட் இடைவெளியை (வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே இருப்பது) பாருங்கள். வாயுவில் ஓடும் இன்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வின் சீட் சீக்கிரம் தேயும். வால்வு மேலேறி இடைவெளி குறையும். சூட்டில் தண்டு நீண்டதும் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். கம்ப்ரஷனைச் சூட்டில் ஒருமுறை, ஆறிய பின் ஒருமுறை அளந்து ஒப்பிட்டால் எந்த சிலிண்டர் என்று தெரிந்துவிடும். இடைவெளியை மேனுவல் சொல்லும் அளவுக்கு, ஆறிய இன்ஜினில் வைத்துத் திருத்துங்கள். திருத்திய பின்னும் சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி குறைந்தால் சீட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.