சேற்றில் ஏடிவி: 54 வயதில் தயங்குவது தவறா?

கேள்வி: எனக்கு வயது 54. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள ஹாட்ஃபீல்ட்-மெக்காய் தடங்களில் கல்லூரியில் படிக்கும் மகனோடு ஏடிவி (கரடுமுரடான தடங்களில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) ஓட்டப் போவதுண்டு. சேற்றுக்குழி வந்தால் அவன் யோசிக்காமல் பாய்ந்துவிடுகிறான். எனக்கோ நடுவில் பயம் வந்து கை தளர்கிறது, வண்டி சிக்கிக்கொள்கிறது. வயதாகிவிட்டது, விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். உங்கள் எச்சரிக்கை சரியானதே. அது வர வேண்டிய இடம் குழியின் கரை. நடுச்சேற்றில் வந்தால் அதுவே உங்களைச் சிக்கவைக்கும்.

ஆபத்தை எடைபோடும் மூளைப் பகுதி முதிர ஏறக்குறைய 25 வயதாகிறது. அதனால் உங்கள் மகன் பாய்வதில் வியப்பில்லை. உங்கள் வயதில் உடல் வேறு கணக்குப் போடுகிறது: அனிச்சை சற்று மெதுவாகிறது, முறிந்த எலும்பு ஒட்ட அதிக நாளாகிறது. அது தெரிந்துதான் கை தயங்குகிறது. ஆனால் சேற்றுக்குள் த்ராட்டிலை (எஞ்சின் வேகத்தைக் கூட்டும் விசையை) விட்டதும் வேகம் போய், டயர் புதையத் தொடங்குகிறது. பதறி மறுபடி அழுத்தினால் சக்கரம் அதே இடத்தில் சுழன்று குழி பறிக்கும். கடைசியில் அடிச்சட்டமே சேற்றில் உட்கார்ந்துவிடும்.

ஆகவே பயப்பட வேண்டியதையெல்லாம் கரையிலேயே பயந்து முடியுங்கள். வண்டியை நிறுத்தி இறங்கி, நீளமான குச்சியால் ஆழம் பாருங்கள். கால் வைக்கும் தட்டுக்கு மேல் தண்ணீர் வரும் என்றால் போகவே வேண்டாம். பெரும்பாலான ஏடிவிகள் பெல்ட்டில் ஓடுபவை; பெல்ட் இருக்கும் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் பெல்ட் வழுக்கி, வண்டி நடுவில் நின்றுவிடும். அக்கரையில் ஏறும் இடம் எது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள்.

சேற்றில் இறங்குவதற்கு முன்பே 4 வீல் டிரைவையும் லோ கியரையும் போட்டுவிடுங்கள். பிறகு த்ராட்டிலைக் கூட்டாமல் குறைக்காமல் ஒரே சீராகப் பிடியுங்கள். வேகம் விழுந்தால் ஹேண்டில்பாரை இடமும் வலமும் சிறிது ஆட்டுங்கள். முன் டயரின் பற்கள் ஓரத்துச் சேற்றைக் கவ்வும். காலை மட்டும் கீழே ஊன்றாதீர்கள். பின் சக்கரம் அதன்மேல் ஏறிவிடும், எந்த வயதிலும்.

சக்கரம் சுற்றியும் வண்டி நகரவில்லையா? உடனே நிறுத்துங்கள். வயது நிஜமாகவே கணக்கில் வருவது இங்கேதான். பெரிய ஏடிவி 300 கிலோவைத் தாண்டும். அதைத் தூக்கி, தள்ளி முதுகை உடைத்துக்கொள்ளாதீர்கள், வின்ச் (கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) எதற்கு இருக்கிறது? மரத்தில் கம்பியை நேராகச் சுற்றாமல் அகலமான பட்டை போட்டு மாட்டுங்கள். இழுக்கும் கம்பியின் மேல் கனமான துணியைப் போடுங்கள். அறுந்தால் அது வீசும் என்பதால் அந்த நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, உங்கள் மகன் உட்பட.

வெளியே வந்ததும் பிரேக்கை லேசாகப் பலமுறை அழுத்தி ஈரம் போக்குங்கள். ரேடியேட்டரில் சேறு அடைத்தால் எஞ்சின் சூடேறும். வேகமில்லாத தண்ணீரால் கழுவுங்கள்.

அந்தத் தடங்களில் பச்சை எளிது, நீலம் நடுத்தரம், கறுப்பு கடினம். புது மழைக்குப் பிறகு நீலத்தோடு நிற்பது உங்களுக்கு மட்டுமல்ல, அவனுக்கும் நல்லது. ஹெல்மெட் அங்கே கட்டாயம்தான். ஆனாலும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், தலையில் சிறிய அடி பட்டாலும், ஒன்றும் தெரியவில்லை என்றாலும், அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அந்த மாத்திரை விவரத்தை மகனிடமும் சொல்லி வையுங்கள்.