தரையிறக்கம் சரியில்லை என்று தெரிந்தும் விமானிகள் ஏன் மறுபடி மேலே எழும்பாமல் இறங்குகிறார்கள்?

ஜோஹன்னஸ்பர்க்கில் ஆறு வருடம் கோ-பைலட்டாக, அதாவது துணை விமானியாக இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். அந்த நேரத்தில் அது ஆபத்தாகவே தெரியாது. 'கொஞ்சம் வேகம் கூட, இதோ குறைஞ்சிடும்' என்றுதான் தெரியும்.

பொதுவான விதி இதுதான்: தரையிலிருந்து மேகமூட்டத்தில் 1000 அடிக்கு, வானம் தெளிவாக இருந்தால் 500 அடிக்கு வருவதற்குள் வேகம், இறங்குகிற வீதம், சக்கரம், ஃப்ளாப் (இறக்கையின் பின்புற மடிப்புத் தகடு) எல்லாம் சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோ-அரவுண்ட், அதாவது மேலே எழும்பிச் சுற்றி வர வேண்டும். ஆனால் இந்த விதிப்படி சரியில்லாத தரையிறக்க முயற்சிகளில் சுமார் 3 சதவீதத்தில்தான் விமானி அப்படி எழும்புகிறார் என்கிறது ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற விமானப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வு.

ஒரு ஜனவரி மாலை டர்பனிலிருந்து வந்தோம். தெற்கே இடிமேகம் திரண்டுகொண்டிருந்தது, பின்னால் விமானங்கள் வரிசையாக இருந்ததால் வேகத்தைக் குறைக்காமல் வரச் சொன்னார்கள் கட்டுப்பாட்டு அறையில், ஜோஹன்னஸ்பர்க் ஓடுபாதையோ கடல்மட்டத்திலிருந்து 5,500 அடி உயரத்தில் இருப்பது, காற்று மெலிது, வேகமானி முள் காட்டுவதைவிட உண்மையான வேகம் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகவே இருக்கும். 500 அடியில் வேகம் இருக்க வேண்டியதைவிட 25 நாட் (மணிக்கு சுமார் 46 கி.மீ.) அதிகம். சொல்ல வேண்டியது நான்தான். கேப்டன் டர்பன் தமிழர், நான் பிறப்பதற்கு முன்பே பறக்க ஆரம்பித்தவர். "வேகம்" என்று மட்டும் மெல்லச் சொன்னேன். "தெரியும் தம்பி, குறையுது" என்றார். ஓடுபாதையில் தள்ளித்தான் சக்கரம் தொட்டது. விமானம் நின்ற பிறகு பிரேக் சூட்டின் வாசனை வந்தது.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு இன்றும் உறுத்துவது அதுதான், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் ஒன்றும் ஆகாமல் இறங்கும்போது 'இதுவும் சரிதான்' என்று மனசு பழகிவிடுகிறது. அதே கம்பெனியில் மேலே எழும்பினால் மட்டும் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும்!

கோ-பைலட் வாய் திறந்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. 2010 மே 22 அன்று மங்களூரில் நடந்த விமான விபத்தில் கோ-பைலட் மூன்று முறை கோ-அரவுண்ட் என்று சொல்லியிருக்கிறார். கேப்டன் அதற்கு முன் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருந்தார், 8000 அடி ஓடுபாதையில் 5200 அடி தாண்டித்தான் சக்கரம் தொட்டது. 158 பேர் இறந்தார்கள். இறங்கியே ஆக வேண்டும் என்று மனசு ஒன்றில் குத்திட்டு நின்றுவிட்டால் காது கேட்பதில்லை.

அதனால் பேச்சு முன்னாடியே முடிந்திருக்க வேண்டும். அப்புறம் வந்த ஒரு கேப்டன் இறங்க ஆரம்பிக்கும் முன்னே சொல்வார்: "500-ல் நீ 'சரியில்லை' என்றால் நான் ஏன் என்று கேட்க மாட்டேன், எழும்பிவிடுவேன்." அந்த வருடம் இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் எழும்பினார். பன்னிரண்டு நிமிடம் தாமதம், அவ்வளவுதான்.