டாக்டர் எங்கே என்று கேட்கும் ஊத்தங்கரைத் தம்பிக்கு

ஊத்தங்கரையிலிருந்து குடும்பத்தோடு மான்செஸ்டர் வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “பக்கத்து சர்ஜரியில், அதான் ஜிபி என்கிற குடும்ப டாக்டர் கிளினிக்கில், பேர் பதிந்தாயிற்று அக்கா. முதுகு வலி என்றால் பிசியோவிடம் அனுப்புகிறார்கள். சுகர் மாத்திரை பற்றிப் பேச டாக்டர் வரவில்லை, யாரோ ஒரு பார்மசிஸ்ட் போன் செய்கிறார். பிள்ளைக்குக் காது வலி என்றால் மருந்துக்கடைக்குப் போகச் சொல்கிறார்கள். ரிசப்ஷனில் இருக்கும் அம்மா துருவித் துருவிக் கேட்கிறார். விசாவோடு மருத்துவத்துக்கென்று ஆளுக்கு வருஷம் 1,035 பவுண்டு, பிள்ளைக்கு 776 பவுண்டு கட்டியிருக்கிறோம். டாக்டரைக் கண்ணிலேயே காட்ட மாட்டேன் என்றால் எப்படி? அடுத்த மாதம் எங்க அம்மா வேறு வருகிறார்கள்.”

தம்பி, உங்களை யாரும் ஏமாற்றவில்லை. மூன்று விஷயத்துக்கும் சரியான ஆளிடம்தான் அனுப்பியிருக்கிறார்கள். நான் பாலக்கோட்டுக்காரி. பிள்ளைகள் வளர்ந்த பிறகு இங்கே ஒரு சர்ஜரியில் சில வருஷம் ரிசப்ஷனில் இருந்தேன். அதனால் கவுன்டருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதும் தெரியும்.

நம்ம பக்கம் கிளினிக் என்றால் டாக்டர்தான். சாயங்காலம் டோக்கன் வாங்கி உட்கார்ந்து, உள்ளே போனால் இரண்டு நிமிஷம், ஓர் ஊசி, மூன்று வேளை மாத்திரை. கேட்கவில்லை என்றால் நாமே முடிவு செய்து சேலத்துக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறி, நேராக எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர் என்று போய்விடுவோம். இங்கே அப்படிப் போக முடியாது. பெரிய டாக்டரைப் பார்க்கப் பெரும்பாலும் ஜிபி சர்ஜரியிலிருந்து கடிதம் போக வேண்டும். காய்ச்சல்காரர், சுகர்காரர், கேன்சர் சந்தேகம் உள்ளவர், வேலைக்கு லீவு சீட்டு கேட்பவர் எல்லாரும் அந்த ஒரே வாசலில்தான் நிற்கிறார்கள். டாக்டரே எல்லாரையும் பார்ப்பது நடக்காத காரியம். 2019இல் இங்கிலாந்தில் அக்கம்பக்கத்து சர்ஜரிகளைச் சேர்த்து வலையமைப்புகளாக்கி, பார்மசிஸ்ட், பிசியோ போன்றவர்களை வைத்துக்கொள்ள அரசே சம்பளப் பணம் கொடுக்க ஆரம்பித்தது. ஒரே பார்மசிஸ்ட் திங்கள்கிழமை உங்கள் சர்ஜரியிலும் செவ்வாய்க்கிழமை அடுத்த தெரு சர்ஜரியிலும் இருப்பது அதனால்தான்.

இதெல்லாம் நமக்குப் புதுசும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தானே தொடங்கியது? ஒரு பெண் தன்னார்வலர் வீடு தேடி வந்து பிரஷர் பார்த்து, சுகர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். டாக்டர் ஏன் வரவில்லை என்று யாரும் அவரிடம் சண்டை போடுவதில்லை.

முதலில் ரிசப்ஷன். இங்கே அதிகம் திட்டு வாங்குவது அந்த நாற்காலிதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ‘என்ன தொந்தரவு?’ என்று அவர் கேட்பது வம்புக்கு இல்லை. எதை யாரிடம் அனுப்ப வேண்டும், எது இன்றைக்கே பார்க்க வேண்டியது, எதற்கு அவசர எண்ணான 999ஐ அழைக்கச் சொல்ல வேண்டும் என்று பிரிப்பதுதான் அவர் வேலை. அதற்குப் பயிற்சி உண்டு. அவர் நோயைக் கண்டுபிடிப்பதில்லை. சர்ஜரியில் வகுத்துக் கொடுத்த முறைப்படி பிரிக்கிறார், சந்தேகம் வந்தால் உள்ளே டாக்டரிடம் கேட்கிறார். நீங்கள் சொன்னதை வெளியே பேசினால் அவர் வேலையே போய்விடும், அந்தப் பயம் வேண்டாம். வாய்விட்டுச் சொல்ல முடியாத விஷயம் என்றால் ‘இது அந்தரங்கமான விஷயம்’ என்று மட்டும் சொல்லுங்கள், அதற்கு மேல் வற்புறுத்த மாட்டார். மற்றபடி எத்தனை நாளாக இருக்கிறது, கூடுகிறதா குறைகிறதா, இதுவரை என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்ற மூன்றையும் நீங்களாகவே சொல்லிவிட்டால் பேச்சு பாதியாகக் குறையும். ‘உடம்பு சரியில்லை, டாக்டர் வேண்டும்’ என்று மட்டும் சொன்னால் அவர் துருவாமல் என்ன செய்வார்? காலை எட்டு மணிக்கு எல்லாரும் போனில் முட்டிக்கொள்ளும் கூத்தும் இப்போது கொஞ்சம் குறைந்திருக்க வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து இங்கிலாந்து சர்ஜரிகள் காலை 8 முதல் மாலை 6.30 வரை ஆன்லைன் படிவத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதில் நிதானமாக எழுதி அனுப்புங்கள். ஆனால் அவசரத்தை அதில் எழுதிவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

டாக்டர்களிலும் வகை உண்டு. பார்ட்னர் என்பவர் சர்ஜரியின் உரிமையாளர்களில் ஒருவர். பார்த்தால் அரசு ஆஸ்பத்திரி போலத் தெரியும், ஆனால் பெரும்பாலான சர்ஜரிகள் என்ஹெச்எஸ் என்னும் அரசு மருத்துவச் சேவையின் ஒப்பந்தத்தில் இந்தப் பார்ட்னர்கள் நடத்துபவைதான். சம்பளத்துக்கு இருக்கும் ஜிபி உண்டு, லோக்கம் என்று அவ்வப்போது வந்துபோகிறவர் உண்டு. ரெஜிஸ்ட்ரார் என்று போர்டில் இருந்தால் மாணவர் என்று நினைத்துவிடாதீர்கள்; மருத்துவம் முடித்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, ஜிபி ஆவதற்காக மூன்று வருஷப் பயிற்சியில் இருக்கும் முழு டாக்டர் அவர். சொல்லப்போனால் எனக்கு அவர்களிடம் போகத்தான் பிடிக்கும், கூடுதல் நேரம் கொடுத்துப் பார்ப்பார்கள்.

உங்கள் சுகர் விஷயத்துக்கு வருகிறேன். போன் செய்தவர் கடை பார்மசிஸ்ட் இல்லை, சர்ஜரிக்கு உள்ளேயே இருக்கும் கிளினிக்கல் பார்மசிஸ்ட். மருந்துகளைப் பற்றி டாக்டருக்கே ஆலோசனை சொல்கிறவர். பலர் தாங்களே மருந்து எழுதும் தகுதியும் உள்ளவர்கள். ஊரில் மூன்று டாக்டர்கள் எழுதிய மாத்திரைகளை ஒன்றாகப் போட்டுச் சாப்பிட்டு வந்திருப்பவருக்கு இவரைப் போல உதவுகிறவர் வேறு யாருமில்லை. அந்தப் போனைத் தவறவிடாதீர்கள். அப்புறம் இன்னொன்று: சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் எஃப்பி92ஏ என்ற படிவம் வாங்கி, சர்ஜரியில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் 5 வருஷத்துக்கு மருந்து விலக்குச் சான்றிதழ் வரும். இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு வாங்குகிறார்கள். சான்றிதழ் இருந்தால் சுகர் மாத்திரைக்கு மட்டும் இல்லை, சர்ஜரியில் எழுதித் தரும் எந்த மருந்துக்கும் காசு கிடையாது. அது கைக்கு வராமலே இலவசம் என்று டிக் அடித்துவிட்டால் அபராதம் வரும், கவனம்.

பிள்ளையின் காது வலிக்குக் கடைக்கு அனுப்பியதும் தட்டிக் கழித்ததாகாது. 2024 ஜனவரி 31 முதல் இங்கே பார்மசி ஃபர்ஸ்ட் என்று ஒரு ஏற்பாடு. தொண்டை வலி, சைனஸ், புண்பட்ட பூச்சிக்கடி, அக்கி, பெண்களுக்கு வரும் சாதாரண நீர்க்கடுப்பு, சருமத்தில் வரும் ஒருவகைப் புண், 1 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் காது வலி ஆகிய ஏழுக்கும் கடை பார்மசிஸ்ட்டே தனி அறையில் உட்காரவைத்துப் பார்த்து, தேவையென்றால் ஆன்டிபயாடிக் கொடுக்கலாம். தேவையில்லை என்றால் கொடுக்க மாட்டார், பாரசிட்டமால் போதும் என்பார். ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று பழகிய நமக்கு அது கொஞ்சம் கசக்கும்.

முதுகு வலிக்கு முதல் ஆள் பிசியோ என்பதுதான் இங்கே முறை. எலும்பு, மூட்டு, தசை விஷயத்தில் அவருக்குப் பழக்கம் அதிகம், டாக்டர் கொடுக்கும் பத்து நிமிஷத்தை விட அதிக நேரமும் கொடுப்பார். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். முதுகு வலியோடு தொடையிடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் போவது தெரியாமல் போவது, இரண்டு காலும் தளர்வது என்று ஏதாவது வந்தால் பிசியோவும் வேண்டாம் ஜிபியும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு.

நர்ஸ்களில், பிராக்டிஸ் நர்ஸ் தடுப்பூசி போடுவார், புண் கட்டுவார், ஆஸ்துமா, சுகர் வருஷாந்தரச் சோதனை பார்ப்பார். 25 வயதானதும் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு அழைப்பு வரும், அதையும் அவரே செய்வார்; உங்கள் வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லி வையுங்கள், கூச்சப்பட்டு அந்தக் கடிதத்தை மூலையில் போட வேண்டாம். அட்வான்ஸ்டு நர்ஸ் பிராக்டிஷனர் என்று இருந்தால் அவர் நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதக்கூடியவர். ரத்தம் எடுப்பது, பிரஷர் பார்ப்பதெல்லாம் ஹெல்த்கேர் அசிஸ்டன்ட் வேலை. அவரிடம் ரிப்போர்ட்டுக்கு விளக்கம் கேட்டால் சொல்ல மாட்டார்.

ஃபிசிஷியன் அசோசியேட் என்று ஒரு பதவி உண்டு. அவர் டாக்டர் இல்லை. இரண்டு வருஷ மேற்படிப்புப் படித்து, டாக்டர் மேற்பார்வையில் வேலை செய்பவர். மருந்து எழுத முடியாது. இந்தப் பெயரால் மக்கள் குழம்புகிறார்கள் என்று பெரிய சர்ச்சையாகி, 2025 ஜூலையில் அரசுக்காகப் பேராசிரியர் லெங் கொடுத்த ஆய்வறிக்கை பெயரை ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் என்று மாற்றச் சொன்னது. என்ன நோயென்று இன்னும் கண்டுபிடிக்காத நோயாளிகளை இவர்கள் முதலில் பார்க்கக் கூடாது என்றும் சொன்னது. ஆகவே யார் பார்த்தாலும் ‘நீங்கள் டாக்டரா, உங்கள் பொறுப்பு என்ன?’ என்று கேளுங்கள். இங்கே அது மரியாதைக் குறைவு இல்லை.

லிங்க் வொர்க்கர் என்பவரை நம்மவர்கள் கண்டுகொள்வதே இல்லை. மருந்து கொடுக்க மாட்டார். தனிமை, வீட்டுப் பிரச்சினை, கடன், ஆங்கில வகுப்பு எங்கே, பிள்ளைகளோடு போக எது பக்கத்தில் இருக்கிறது என்பதற்கெல்லாம் வழி காட்டுவார். நீங்கள் ஆபீஸ் போன பிறகு உங்கள் மனைவி நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதாக எழுதியிருந்தால் இவர் பெயரைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். மனச்சோர்வு, பதற்றம் என்றால் டாக்கிங் தெரபிஸ் என்ற பேச்சுவழி மனநலச் சிகிச்சைச் சேவைக்கு ஜிபி கடிதம் இல்லாமலே நாமே பதியலாம்.

சரி, டாக்டரே வேண்டும் என்று எப்போது பிடிவாதம் பிடிப்பது? ஒரே தொந்தரவுக்குத் திரும்பத் திரும்பப் போயும் குறையவில்லை, கூடுகிறது என்றால். அப்படி மூன்று முறை வந்தவரைப் பற்றி டாக்டர்கள் மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டும் என்று 2025இல் ஜெஸ் விதி என்ற ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கேன்சர் மிகத் தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்டு இறந்துபோன ஜெஸ் என்ற 27 வயதுப் பெண்ணின் நினைவாக வந்த விதி. ‘இது மூன்றாவது முறை, ஒரு ஜிபி பார்க்க வேண்டும்’ என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தம் வருவது, புதுக் கட்டி என்றால் மூன்று முறையெல்லாம் காத்திருக்காதீர்கள். கேன்சர் சந்தேகத்தில் அவசரமாக அனுப்பினால் 28 நாளுக்குள் உண்டா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும் என்பது இங்கே வைத்திருக்கும் இலக்கு. சர்ஜரி மீதே குறை என்றால் கவுன்டரில் கத்திப் பயனில்லை, பிராக்டிஸ் மேனேஜருக்கு எழுதுங்கள்.

கடைசியாக உங்கள் அம்மா. விசிட்டர் விசாவில் வந்தாலும் ஜிபியைப் பார்க்கக் காசு கிடையாது, மூன்று மாதம் வரை தற்காலிக நோயாளியாகப் பதியலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போதே சொல்லுங்கள், அதுவும் இலவசம். நீங்களே நடுவில் நின்று பேசினால் அம்மா பாதியை மறைப்பார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால் பில் என்ஹெச்எஸ் கட்டணத்தில் ஒன்றரை மடங்கு வரும், ஆகவே டிராவல் இன்சூரன்ஸ் இல்லாமல் விமானம் ஏற்றாதீர்கள். பழைய நோய்களைச் சொல்லியே இன்சூரன்ஸ் எடுங்கள். மாத்திரைகளைத் தங்கும் நாளுக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக, அட்டையோடு, சீட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள். ஊர் பிராண்டுப் பெயர் இங்கே பலருக்குத் தெரியாது. அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் இப்போதே வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பார்மசிஸ்ட் கேட்கப்போவது அதைத்தான்.