பாட்டியின் பித்தளைச் சருவத்தில் பச்சை பூத்திருக்கிறது. துலக்கி மீண்டும் சமைக்கலாமா?

சமைக்கலாம். ஆனால் உள்ளே ஈயம், அதாவது வெள்ளீயம் (tin), பூசிய பிறகுதான். பளபளப்பு வந்துவிட்டதே என்று நேராக அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள்.

நான் மண்டபத்தில் இருக்கிறேன். வடக்கிலும் தெற்கிலும் கடல். பரணில் சும்மா கிடக்கும் பித்தளைகூட இங்கே களிம்பேறிவிடும். அந்தப் பச்சை வெறும் அழுக்கு இல்லை. உப்புக்காற்றும் ஈரமும் பித்தளையில் உள்ள செம்பை அரிப்பதால் உண்டாகும் நஞ்சு. உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், தூள் மூச்சில் ஏறும்.

பழைய புளியை வெந்நீரில் கரைத்து உள்ளும் புறமும் பூசி, கால் மணி நேரம் விட்டு, தேங்காய் நாரால் தேயுங்கள். கறுத்த இடத்துக்கு மட்டும் கொஞ்சம் கல்லுப்பு சேர்க்கலாம். ஒரே தடவையில் போகாது. என் அப்பத்தாவின் சருவத்துக்கு மூன்று நாள் பிடித்தது. கழிவறை ஆசிட் பக்கம் போகவே வேண்டாம். நான் அவசரப்பட்டு மூடியில் ஊற்றினேன். பித்தளையிலிருந்த துத்தநாகம் கரைந்து, திட்டுத் திட்டாகச் செம்பு நிறம் படிந்துவிட்டது. அப்பத்தா கையால் புழங்கிய மூடி அது. இன்றும் மனம் ஆறவில்லை.

கடைசி அலசலைக் கிணற்று உவர்நீரில் செய்யாதீர்கள். நம் கடற்கரை ஊர்களில் பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். குடிக்கிற நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, உடனே துணியால் ஈரம் போகத் துடையுங்கள். உப்பு ஒட்டியிருந்தால் பச்சை திரும்பி வரும்.

பிறகு ஈயம். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத் தூள் (அமோனியம் குளோரைடு) தூவி, உருகும் ஈயத்தைத் துணியால் உள்ளே இழுத்துப் பூசுவார்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகும். அதனால் பூசிய சருவத்தை வெறுமையாக அடுப்பில் விடக்கூடாது. பூசுவது வெள்ளீயம்தானா, நஞ்சான காரீயம் (lead) கலந்ததா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வெள்ளீயக் கட்டியை வளைத்தால் கிரீச்சிடும். காரீயம் ஓசையின்றி வளையும். கலப்படம் இந்தச் சோதனைக்குத் தப்பிவிடலாம், ஆகவே நம்பகமானவரிடமே கொடுங்கள். பழைய பூச்சு எதுவென்று தெரியாவிட்டால் அதை முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசச் சொல்லுங்கள்.

எங்கள் சருவத்தில் இப்போது சோறும் கஞ்சியும் வடிக்கிறோம். புளி ஊற்றிய மீன் குழம்புக்கு மண்சட்டிதான். உள்ளே பித்தளையின் மஞ்சள் நிறம் எட்டிப்பார்த்தால் அன்றே சமையலை நிறுத்திவிட்டு, மறுபடியும் ஈயத்துக்குக் கொடுங்கள்.